லெட்சுமி அக்கா வீட்டு டிஸ்கெட்

டிஸ்கெட்டைக் கம்ப்யூட்டருக்குள்ளே தள்ளினால் "கரக்... கரக்..." என்று ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு அந்தச் சத்தத்தோடு தைல வாசனையும் சேர்ந்தே வரும்.

தொண்ணூறுகளின் கடைசி. நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டை விட்டு ஜாசின் தாமானில் வரிசை வீட்டுக்குக் குடிவந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நான் டவுனில் ஓர் ஆபீசில் கிராணி, கிளார்க் வேலை. பக்கத்து வீடு லெட்சுமி அக்கா. எஸ்டேட்டிலும் அவர்தான் பக்கத்து வீடு.

அவர் கணவர் மணியம் அண்ணன் லோரி ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வீடு முழுக்க அவருக்குத் தேய்க்கும் தைல வாசனை. நாக்கும் புரளவில்லை. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரை அப்பாவுக்கு விட்டுப் போனான். அக்கா பேக்டரிக்குப் போனதும் அண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்து, இடது கை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். ஏதோ கேம் விளையாடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து மங்கு நிறைய குழம்பு வந்தால், மங்கை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். "வெறும் பாத்திரமா குடுத்தா வீட்டுக்கு ஆகாதுலா" என்பார் அம்மா.

ஒரு நாள் ஆபீஸ் வேலைக்காக அக்கா வீட்டு டிஸ்கெட் ஒன்றை இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுக்கும்போது அம்மா சொன்னதுதான் மனதில் வந்தது. ஆபீஸ் தோழி ஒருத்தி கொடுத்த சீட்டாட்ட கேமைப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் பாதி வாயால் சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வேலி ஓரம் வந்து நின்றார்.

"செல்வி, கம்ப்யூட்டரு ஓடவே மாட்டுதுலா. வந்து பாரேன்."

ஆபீஸ் ஸ்கேன் டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு எழுத்தில் வைரஸ் பெயர் வரிசையாக ஓடியது. எதையும் சுத்தம் செய்ய முடியவில்லை. எனக்குத் தெரிந்த அடுத்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஃபார்மட்... எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, முதலிலிருந்து விண்டோஸ் போடுவது.

"அக்கா, உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும். பரவாயில்லையா?"

"அதுல என்னாம்மா இருக்கு, கேம்தானே. நீ பண்ணு."

அண்ணன் இடது கையால் மேசையைத் தட்டினார். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம்.

"தண்ணி கேக்குறாரு" என்று அக்கா குசினிக்குப் போனார்.

நான் Y அடித்து, என்டர் தட்டினேன்.

அண்ணனை நான் கேட்டிருக்க வேண்டும். பேச முடியாதவரிடம் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டேன்... இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார்.

"6 masam eluthinen. maganukku."

அதைத் தட்ட அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. அக்காவுக்கு அந்த எழுத்து தெரியாது. "என்னாம்மா எழுதுறாரு?" என்றார். நான் வாசித்துக் காட்டினேன். அண்ணன் தொடாத தண்ணீர் டம்ளரை அக்கா எடுத்துக் குசினிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் ஆபீசில் தோழியின் அந்த கேம் டிஸ்கெட்டை ஸ்கேன் செய்தேன். அதே வைரஸ்.

புது டிஸ்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு அண்ணனிடம் போனேன். "இனிமே இதுல சேவ் பண்ணுங்கண்ணே, பத்திரமா இருக்கும்" என்றேன். தலையாட்டினார். வைரஸ் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்னால் அண்ணன் தவறிவிட்டார்.

பதினாறாம் நாள் முடிந்து அக்கா அந்த டிஸ்கெட்டைக் கொண்டுவந்தார்.

"உள்ள ஏதாச்சும் எழுதி வெச்சிருப்பாரு. பாத்துச் சொல்லுமா."

கரக்... கரக்...

உள்ளே ஒன்றுமே இல்லை. மூன்று தடவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா."

"வெறுமனேதான் இருக்கா..." என்றார். டிஸ்கெட்டை வாங்கிச் சேலை முந்தானையால் துடைத்தார்.

இப்போது என் மகள் போனைத் தொலைத்தாலும், புதுப் போனில் பழைய போட்டோ எல்லாம் தானாக வந்து நிற்கிறது. "எதுவுமே அழியாதும்மா" என்கிறாள். சரி என்கிறேன்.

லெட்சுமி அக்கா இன்னும் அதே வீட்டில்தான். போன வாரமும் வேலிக்கு மேலே மங்கை நீட்டினார், கருவாட்டுக் குழம்பு. கழுவி, நாலு வாழைப்பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அந்த மங்கை நான் வெறுமனே கொடுத்ததில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இன்னும் சொல்லவில்லை.