வந்த காரணம்: சாட்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலடிப்பேட்டையில் நான் நடத்தும் பிரௌசிங் சென்டருக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். நெட் பார்க்க அல்ல, நோட்டைப் பார்க்க.

வருகிறவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், நேரம். இந்த நான்கையும் எழுதி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. நான் முணுமுணுக்கவில்லை. மிரட்டல் மெயில் அனுப்புகிறவன் எங்கே உட்கார்ந்து அனுப்பினான் என்று தெரிய வேண்டாமா?

கான்ஸ்டபிளின் விரல் ஒரு வரியில் நின்றது.

“இன்னாமா, ‘வந்த காரணம்: சாட்’னு போட்டுகீது? யாரு இந்த ஸ்டெல்லா?”

மூன்றாவது மெஷினிலிருந்து ஸ்டெல்லா எழுந்தாள். கல்யாணமாகி நாற்பதாவது நாள் கணவர் குவைத்துக்கு வெல்டர் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு வெள்ளிதான் லீவு. வீட்டில் போன் இருக்கிறது... ஆனால் அவர் கூப்பிட்டால் மாமனார், மாமியார், நாத்தனார் என்று வீடே சுற்றி உட்கார்ந்துகொள்ளும். தனியாக இரண்டு வார்த்தை பேச அவளுக்கு இருந்தது இந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

“என் வூட்டுக்காரராண்டதான் சார் பேசிகினு இருக்கேன்.”

“மாட்னவங்க அல்லாரும் இதான்மா சொல்றாங்க.”

நோட்டிலேயே அவள் வீட்டு நம்பர் இருந்தது. என் மேஜை போனிலேயே சுழற்றினார். நான் குறுக்கிடுவதற்குள் மாமியார் எடுத்துவிட்டார்.

“உன் மருமக இங்க சாட்டிங் பண்ணிகினு கீது. கொஞ்சம் பாத்துக்கம்மா.”

சாட்டிங்! பேப்பரில் அந்த வார்த்தை எப்போது வருகிறது? ஏதாவது ஒரு பெண் ஏமாந்தால், ஓடிப்போனால், தூக்கில் தொங்கினால். எங்கள் பக்கத்தில் அது பேச்சு அல்ல, குற்றம். மெயில் என்று எழுதியிருந்தால் அவர் பக்கத்தைப் புரட்டிப் போயிருப்பார். அந்தப் பெண் உண்மையை எழுதினாள்.

கிளம்பும்போது என்னைப் பாராட்டவும் செய்தார். “போன் நம்பரு, வந்த காரணம்... மத்த கடைங்கள்ல இதெல்லாம் இல்லமா. ஜோரா வச்சிகீறே.”

ஆமாம், மற்ற கடைகளில் இல்லை. உத்தரவிலும் இல்லை. அந்த இரண்டு கட்டங்களையும் ஸ்கேல் வைத்துப் போட்டவள் நான். யாராவது அட்டையை மறந்துவிட்டுப் போனால் கூப்பிட ஒரு கட்டம். பிரின்டர் உள்ள மெஷினை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கட்டம். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள் இல்லையா... கட்டம் போடாமல் கை சும்மா இருக்காது.

மறுநாளே மாமியார் வந்து நின்றார்.

“இன்னாமே, குடும்பப் பொண்ணுக்குச் சாட்டிங் கத்துக் குடுக்கறியா?”

“உங்க பையன்கிட்டதாம்மா பேசறாங்க.”

“எம் புள்ளையாண்ட பேச வூட்ல போன் கீதே! வூட்ல பேச முடியாதது அப்டி இன்னா பேச்சு?”

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்கள் எதிரில் பேச முடியாத பேச்சுதான் அம்மா, என்றா? 

அரசாங்கம் இன்டர்நெட்டை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்று இந்தப் பத்தியின் வாசகர்களான நீங்கள் கடிதம் போட்டு வாதாடுகிறீர்கள். எனக்கு இப்போது வேறு கவலை. அரசாங்கம் ஒரு கோடு போட்டு நிறுத்திக்கொள்கிறது. அதற்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள் ஒன்று, மாமியார் ஒன்று, என்னைப் போன்ற ஒழுங்கான ஆட்கள் இரண்டு என்று போட்டுக்கொண்டே போகிறோம்... எங்களை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தும்?

இரண்டு கட்டங்களையும் அன்றே அடித்துவிட்டேன். யாருக்கு லாபம்?

ஸ்டெல்லா இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறாள். பக்கத்தில் நாற்காலி போட்டு மாமியார்.

“இன்னா எய்திகீறான்? படி.”

“சாப்ட்டியான்னு கேக்கறாரு அத்தே.”

“இப்போ?”

ஸ்டெல்லா கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்தாள்.

“ஒடம்பப் பாத்துக்கச் சொல்றாரு அத்தே.”

பின்னால் நின்றிருந்த என் கண்ணிலும் அந்த வரி பட்டுவிட்டது. அவர் எழுதியிருந்தது அது அல்ல.

என்ன என்று கேட்காதீர்கள்... ஏற்கெனவே ஓர் ஆள் அதிகமாகப் படித்தாகிவிட்டது.