சம்ப் போடும் சத்தம்

மீன் தொட்டிக்கு அடியில் வைக்க நானே ஒரு சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டும் தொட்டி, செய்தேன். பழைய கண்ணாடித் தொட்டிக்குள் மூன்று தடுப்புகள். தண்ணீர் ஒவ்வொன்றாகத் தாண்டி, சுத்தமாகி, மோட்டாரில் மேலே ஏறும்.

விஜயநகர் கண்ணாடிக் கடைக்காரர் அப்போதே கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "கடைசித் தடுப்ப தாழ்வா வைங்க சார். ஒசரமா வெச்சா தண்ணி விழற சத்தத்துல வீட்ல யாரும் தூங்க மாட்டாங்க. ஆமேல என்னத் திட்டாதீங்க."

"சரிங்க" என்றேன். உயரமாகத்தான் ஒட்டினேன்.

இன்று மாலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் உள்ளே தண்ணீர்ச் சத்தம்.

"யாரு கொழாயத் தெறந்து விட்டது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது, திறந்துவிட இங்கே யாரும் இல்லை.

சத்தத்தை நிறுத்த வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் சொல்ல வேண்டாம். வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.