நிற்கிற லாரி, ஓடுகிற லாரி

எர்ணாவூரில் எங்கள் பஸ், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வெறுத்துப்போய் இறங்கி, ரோட்டோர மைதானத்தில் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஃபைனலை வேடிக்கை பார்க்கிறேன். கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டும். பேட்ஸ்மேன் தூக்கி அடித்த பந்து ஒரு லாரியின் மேல் போய் உட்காருகிறது. உடனே இரண்டு டீமும் சட்டையைப் பிடித்துக்கொள்கின்றன.

"என்னங்க சண்டை?" என்று அம்பயரைக் கேட்கிறேன்.

"நிக்கிற லாரில வுழுந்தா சிக்ஸு, சார். ஓடுற லாரின்னா அவுட்டு. பந்து ஹார்பருக்குப் பூடும்ல?"

சொல்லிவிட்டு அவரே போய் லாரியின் கதவைத் தட்டுகிறார். "நைனா, பந்து வுழுந்தப்போ நீ நின்னுகினு இருந்தியா, போய்கினு இருந்தியா?"

டிரைவர் தலையை நீட்டுகிறார். "காத்தாலேர்ந்து நானும் அதைத்தான்பா கேட்டுகினு கீறேன்!"

அம்பயர் இரண்டு கைகளையும் உயர்த்துகிறார்.