பாட்டின் வாலில் ஒட்டிய ஆமென்

இதை எழுதுகிறவன் பி.ஏ. தேறிய வாரம், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற மிதப்போடு, முதல் முழுக்கால்சட்டை தைக்கப் பாறசாலைச் சந்தை முக்கிலிருந்த தையல்காரர் பொன்னுதாஸிடம் போனான். இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தவர், எதிர்ச் சாயாக்கடையில் கிராமபோன் ஒரு பாட்டை எடுத்ததும் நாடாவைப் போட்டுவிட்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டார். பாட்டு முடிந்தது. கடையிலிருந்த அத்தனை பேரும் இசைத்தட்டோடு சேர்ந்து, "ஆமென்" என்றார்கள். பாடியவர் யாரென்று அப்போதுதான் தெரிந்தது.

அது தேவனைத் துதிக்கும் பாட்டல்ல. பூவார் பொழியில், ஆறு கடலில் சேருமிடத்தில், தோணிக்காரன் ஒருத்தியைக் கூப்பிடும் பாட்டு. 'தோணி காத்து நிக்குது, நீ வாறியா' என்று முடியும். ஏழு வருடத்துக்கு முன்னால், 1947இல், இசைத்தட்டுக் கம்பெனிக்காக அதைப் பாடியவர் பொன்னுதாஸ். பின்பாட்டு, மனைவி சுகிர்தபாய். தபேலா, அண்ணன் சத்தியதாஸ். மூவரும் மிஷன் சபைப் பாடகர்கள். சபையில் எந்தப் பாட்டும் ஆமென் சொல்லாமல் முடிந்ததில்லை. பழகிய வாய் சும்மா இருக்குமா? 'வாறியா' முடிந்த மறுகணம் மூன்று வாயும் பக்தியோடு ஆமென் போட்டன. மெழுகுத்தட்டில் பதிந்ததை அழிக்க முடியாது. கம்பெனிக்காரருக்குத் தமிழும் தெரியாது. தட்டு அப்படியே சந்தைக்கு வந்தது.

பொன்னுதாஸ், ஆமென்தாஸ் ஆனார். தமிழ் பேசும் தென் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைக் கூட்டங்களில், பேச்சாளர் வரும்வரை ஆள் சேர்க்க அந்தத் தட்டைத்தான் போட்டார்கள். கூட்டமே ஆமென் என்று முழங்க, ஒரு போலீஸ்காரர் அதையும் கோஷங்களின் பட்டியலில் எழுதிக்கொண்டாராம்.

ஊர் சிரித்ததை அவர் பொறுத்துக்கொண்டார். சபைப் போதகர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பாட்டின் வாலில் அந்த வார்த்தை ஒட்டியிருக்கும்வரை பாடகர் வரிசையில் இடமில்லை என்று அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஏழு வருடம், ஞாயிறுதோறும், கடைசி பெஞ்சு.

1954இல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிரதி எடுக்கும் தாய்த்தட்டு உடைந்துவிட்டது, அதே பாட்டைத் திரும்பப் பாடித் தர வேண்டும். பொன்னுதாஸ் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுக் கத்தரியைக் கையிலெடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் பட்டதாரியின் முழுக்கால்சட்டை அரைக்கால்சட்டை ஆனது.

ஒரு மாதம் ஒத்திகை. 'வாறியா' என்றதும் மூவரும் கீழுதட்டைக் கடிக்க வேண்டும். சுகிர்தபாயின் உதடு வீங்கியே போயிற்று. புறப்பட்ட அன்று கடையடைப்பு, பஸ் இல்லை. ஒத்திகைக்கு வராமல் அன்றுதான் சேர்ந்துகொண்ட ஆர்மோனியக்காரர் சிவதாணு பெட்டியைத் தலையில் வைத்துக்கொள்ள, நால்வரும் நடந்தார்கள். ஊர்வலத்துக்குத் தடை இருந்த நேரம். நெய்யாற்றின்கரையில் ஒரு தலைமைக் காவலர் மறித்து, தபேலாவைத் தட்டிப் பார்த்து, ஜாதயா, அதாவது ஊர்வலமா, என்று மலையாளத்தில் அதட்டினார். பாட்டுக்காரர்கள் என்றால் பாடிக் காட்டச் சொன்னார். நடுரோட்டில் பாடி, உதட்டைக் கடித்து நின்றார்கள். காவலரே ஆமென் சொல்லி வழிவிட்டார்.

திருவனந்தபுரத்தில் பழைய பங்களா ஒன்றில், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்ட அறை. கைவசம் இரண்டே மெழுகுத்தட்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும், அணையும்வரை மூச்சுகூட வெளியே கேட்கக் கூடாது. பாட்டு முன்னைவிட அழகாக வந்தது. 'வாறியா' முடிந்தது. மூன்று உதடும் பல்லுக்குள். விளக்கு அணைவதற்குக் கண்சிமிட்டும் நேரம் பாக்கி. ஆர்மோனியத்தின் பின்னாலிருந்து கணீரென்று வந்தது: "ஆமென்."

பொன்னுதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எலே சிவதாணு, ஒனக்கு எப்பம்லே ஞானஸ்நானம் ஆச்சு?"

"ஏழு வருசமா சாயாக்கடையில கேக்கேன் மக்கா. பாட்டுக்க கடைசி அடி அதாக்கும்ணு நெனச்சுப் போட்டேன்."

மிஞ்சியது ஒரு தட்டு. சுகிர்தபாய் முந்தி முடிச்சை அவிழ்த்து, இருந்த வெற்றிலை பாக்கு முழுவதையும் சிவதாணுவின் வாயில் திணித்தாள். "துப்பப்படாது, முழுங்கவும்படாது, கேட்டியளா அண்ணே."

மறுபடி விளக்கு. மறுபடி பாட்டு. 'வாறியா.' சிவதாணுவின் கன்னங்கள் பூசணியாக உப்பின. சத்தியதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். பொன்னுதாஸின் நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. விளக்கு அணைந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக உடைந்து நால்வரும் ஆமென் என்று கத்த, சிவதாணுவின் வெற்றிலைச் சாறு கம்பெனிக்காரரின் வெள்ளைச் சட்டையில் பூத்தது. அவரும் ஆமென் என்றுதான் துடைத்துக்கொண்டார்.

புதுத் தட்டு சாயாக்கடைக்கு வந்த அன்று போதகரே வந்து பாட்டைக் கேட்டார். 'வாறியா'வுக்குப் பிறகு ஊசி வெறுமையில் கிறீச்சிட்டது. அந்த இடைவெளியில் கடை முழுவதும் முன்னைவிட உரக்க ஆமென் சொல்லியது. போதகர் கூட்டத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தட்டின்மேல் குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

எல்லை பிரிந்து பாறசாலை கேரளத்தில் நின்றுவிட்டது. பொன்னுதாஸ் அதே முக்கில் தைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் வரிசையில், இடமிருந்து இரண்டாவதாக நிற்கிறார்.