கிள்ளான் சைபர் கஃபேயில் விழுந்த கோல்

பழைய கேம் வீடியோக்களை ஏஐ வைத்துத் தெளிவாக்கித் தருவது என் பிழைப்பு. இதே பிழைப்பில் இருக்கும் சகோதரர்களே, ‘கொஞ்சம் மங்கலா இருக்கு, அவ்வளவுதான்’ என்று வாடிக்கையாளர் சொல்லும் வார்த்தையை நம்பி நீங்களும் எத்தனை முறை ஏமாந்திருப்பீர்கள்!

பந்தைக் காணோம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடியில் என் கடை. ஒரு சனிக்கிழமை கிள்ளானிலிருந்து சுப்ரா வந்தார், லோரி கம்பெனியில் சூப்பர்வைசர். இளவட்டமாக இருந்தபோது சைபர் கஃபேயில் நண்பர் அந்தோணியுடன் ஆடிய ஃபுட்பால் கேமை, மானிட்டர் எதிரே கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் பதிவு செய்திருக்கிறார். திரை முழுக்கக் கோடுகள். ஆட்டக்காரர்கள் வெறும் புள்ளிகள். பந்தைக் காணவே காணோம்.

கடைசி நிமிஷத்தில் சுப்ரா பந்தை உதைத்த அதே நொடியில், கஃபேயில் வாங்கிய நேரம் முடிந்து கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டுவிட்டது. நேரம் கூட்டச் சுப்ரா கவுண்டருக்கு ஓடித் திரும்புவதற்குள் ஆட்டமே அழிந்துவிட்டது. அது கோல் என்கிறார் சுப்ரா. கோல்கீப்பர் பிடித்துவிட்டான் என்கிறார் அந்தோணி. தோற்றவனுக்குப் பத்துமலை முருகன் கோயிலில் மொட்டை என்று பந்தயம். அந்தோணி மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். “முடி கிடக்கட்டும் லா பாஸ். அவன் பேச்சைக் கேட்டு என் பிள்ளைங்களே என்னைப் புளுகன்னு சொல்லுதுங்க” என்றார் சுப்ரா.

கோல்கீப்பருக்கு முளைத்த பல்

முதல் ஓட்டத்திலேயே கோடுகள் மறைந்து புல் பச்சைப்பசேலென்று வந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் நான் வாயைப் பிளந்துவிடுவேன். ஆனால் ஆர்வக்கோளாறில் முகத்தைத் திருத்தும் பட்டனை அணைக்க மறந்திருந்தேன். முகமே இல்லாத கோல்கீப்பர் பொம்மைக்கு ஏஐ கண், மூக்கு, பளபளவென்று பல்வரிசை எல்லாம் வைத்துவிட்டது. சுப்ரா திரையை முறைத்தார். “என் கோலை விட்டுட்டு இவன் என்னாத்துக்கு லா சிரிக்கிறான்?”

இரண்டு பந்து

அடுத்த ஓட்டத்தில் பந்து தெரிந்தது, கோட்டைத் தாண்டி! சுப்ரா துள்ளிக் குதித்து அந்தோணிக்குப் போன் போட்டார். அவரும் பங்சார் ஆபீஸிலிருந்து வந்து சேர்ந்தார். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. அமைப்பை லேசாக மாற்றி இன்னொரு தடவை ஓட்டினேன். பந்து கோல்கீப்பர் கையில் இருந்தது.

விஷயம் இதுதான்: அங்கே இருந்தது ஒரு வெள்ளைத் தீற்றல், மற்றதெல்லாம் ஏஐயின் ஊகம். அதை மறைக்க மனம் வரவில்லை, இருவருக்கும் இரண்டையும் காட்டினேன். சுப்ராவின் முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அந்தோணி மட்டும் என் முதுகில் தட்டினார். “நல்ல மிஷின் பாஸ், ரெண்டு பேருக்குமே நல்ல பிள்ளையா நடந்துக்குது!”

மின்விசிறிக்குப் பின்னால்

படம் கைவிட்டதால் சத்தத்தைப் பிடித்தேன். மின்விசிறி இரைச்சலும் கீபோர்டு தட்டலும் சேர்ந்து ஒரே களேபரம். அதையெல்லாம் ஏஐ பொறுமையாக ஒவ்வொன்றாக விலக்கியது. இந்த வேலையில் அதை மிஞ்ச ஆளில்லை என்று அடித்துச் சொல்வேன். திரை பூட்டிக்கொண்ட பிறகும் கைப்பேசி பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. சுப்ரா கவுண்டருக்கு ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பின் ஒரு இளம் குரல் தனக்குத்தானே முணுமுணுத்தது: “ஐயோ, கோல் விழுந்திருச்சே! நல்லவேளை, டைம் முடிஞ்சிருச்சு!”

அந்தோணியின் குரல். முதலில் சிரித்தவர் அந்தோணிதான். சுப்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. “வீட்டுக்கு வந்து பிள்ளைங்க கிட்ட உன் வாயால சொல்லுடா, அது போதும்” என்றார். அந்தோணி தொப்பியைக் கழற்றி, வழுவழுவென்றிருந்த தலையைத் தடவிக்கொண்டார். “இப்பவே வரேன் மச்சான். மொட்டைதான், பத்துமலைக்குப் போகாமலே முடிஞ்சிருச்சு.”

கேட்காமலே கோல்கீப்பருக்குப் பல் வைத்த என் ஏஐக்கு, பந்தயத்தை முறைப்படி நிறைவேற்ற அந்தோணியின் தலையில் நாலு முடி வைக்கத் தெரியவில்லை என்பதைத் தவிர, அதன் மேல் எனக்கு வேறு எந்த வருத்தமும் கிடையாது.