நட்சத்திரம் தெரிய வேண்டிய கூரை

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் பொருத்த இஸ்ரேலிலிருந்து வந்தவர் அந்த இன்ஜினியர். நரைத்த தாடி, உச்சந்தலையில் சின்னத் துணித் தொப்பி. எதைச் சாப்பிடும் முன்பும் ஏதோ முணுமுணுப்பார். ஒற்றை பிஸ்கட்டுக்கும் அப்படித்தான்.

அக்டோபரில் கெஸ்ட் ஹவுஸ் தோட்டத்தில் ஒரு குடிசை போட்டார். சுற்றிலும் தார்ப்பாய், மேலே நாலைந்து தென்னை ஓலை. யூதர்களின் பண்டிகையாம், ஏழு நாளும் அதற்குள்தான் சாப்பாடு. ஓட்டைக் கூரையைப் பார்க்கப் பொறுக்காமல் எங்கள் காவலாளி, இன்ஜினியர் வேலைக்குப் போயிருந்தபோது, கீற்று வாங்கிவந்து இடைவெளியில்லாமல் வேய்ந்துவிட்டார். "ஒரு சொட்டு எறங்காது சார்" என்றார் என்னிடம்.

மாலையில் வந்த இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். காவலாளியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு ஸ்டூலில் ஏறிக் கீற்றுகளை ஒவ்வொன்றாக உருவினார்.

"இன்னா சார், மழ வந்தா ஒழுகுமே!"

நான் இன்ஜினியரிடம் கேட்டுச் சொன்னேன். "உள்ள உக்காந்தா நட்சத்திரம் தெரியணுமாம். இவங்க முன்னோருங்க நாப்பது வருஷம் வீடில்லாம பாலைவனத்துல அலைஞ்சாங்களாம். அத மறக்கக் கூடாதாம்."

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம் வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்து, மூன்று மாதம் தார்ப்பாய்க்குக் கீழே குடும்பத்தோடு கிடந்தவர் காவலாளி.

"நாங்க மறக்கத்தான் சார் பாக்குறோம்" என்றார். சொல்லிவிட்டு, ஆடிய ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

என்ன சொல்கிறார் என்று இன்ஜினியர் மேலிருந்து கேட்டார்.

"மழை வருமாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கீற்றை உருவினார்.