கம்பி பிடித்த கைகள்

ஆரஞ்சு நாடாவில் ஓர் அட்டை சித்தப்பாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. 'ஆர்ட்டிஸ்ட்' என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தார்கள். திருவனந்தபுரத்துக் கலைக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து வெள்ளி, சனி, ஞாயிறு என்று கதவைத் திறந்து வைத்துக் கொண்டாடுகிற கலை வார இறுதியில், பங்கேற்கும் ஓவியர்களுக்குக் கொடுக்கிற சாதாரண அட்டை அது. மற்றவர்கள் வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்கள். சித்தப்பா வெள்ளிக்கிழமை காலையில் மாட்டிக்கொண்டவர், சாலை மார்க்கெட்டில் சேனைக்கிழங்கு வாங்கப் போகும்போதுகூடக் கழற்றவில்லை. "எந்தா சாமி, இலக்‌ஷன் டியூட்டி ஆணோ?" என்று, தேர்தல் வேலையா எனக் கேலியாகக் கிழங்குக்காரர் கேட்டாராம். அதையும் என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

நான் வேலை பார்க்கும் கலைக்கூடம் சாஸ்தமங்கலத்துப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறது. நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. கலைக்கூடத்தை நடத்துகிற மேடம் ஒரு நவராத்திரிக்கு வலியசாலையில் எங்கள் தெருவுக்குக் கொலு பார்க்க வந்தார். எதிர்ச்சாரியில் சித்தப்பா வீட்டிலும் எட்டிப் பார்த்தவர், பொம்மைகளை மறந்துவிட்டுப் பின்கட்டில் சாத்தியிருந்த படங்களின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். சித்தி போன பிறகு சித்தப்பா தனியாகத்தான் இருந்தார். வரைவதைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அடுத்த கலை வார இறுதிக்கு எங்கள் கலைக்கூடத்தில் அவருடைய படங்கள்தான் என்று மேடம் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. எங்கள் வீட்டில் தம்பி அண்ணனிடம் நேரே பேசுகிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான். தாத்தா காலத்திலிருந்து அப்படி. ஒரே கூடத்தில் நாலு முழம் தள்ளி இருவரும் இருப்பார்கள். "நாளைக்குத் தண்ணி வராதாம், அண்ணாகிட்ட சொல்லு" என்பார் சித்தப்பா. நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியும்னு அவன்கிட்ட சொல்லு" என்பார் அப்பா. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். பேசத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு இந்தத் தபால்காரி உத்தியோகம். சின்ன வயதில் சிரிப்பு வரும், வளர்ந்தபின் எரிச்சல் வந்தது, பிறகு அதுவும் போய் வீட்டுச் சுவரைப்போல அது பாட்டுக்கு இருந்தது.

சித்தப்பா வரைந்ததெல்லாம் கைகள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் மேலே கம்பியைப் பிடித்திருப்பார்களே, அந்தக் கைகள். முகம் கிடையாது. வளையல் அடுக்கிய கை, சிமெண்டு காய்ந்த கை, குடையும் டிபன் பையும் மாட்டிக்கொண்ட கை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாளையம் பக்கம்தான் ஆபீஸ். கிழக்கேகோட்டையில் ஒரே பஸ்ஸில் ஏறுவார்கள். அப்பா முன்னால் நிற்பார். சித்தப்பா மரியாதைக்கு நாலைந்து ஆள் விட்டுப் பின்னால் நிற்பார். உத்தியோக காலம் முழுக்க அப்படித்தான் போய் வந்தார்கள். படங்களிலேயே பெரியது, ஆள் உயரத்துக்கு, ஒற்றைக் கை. கடிகாரத்தின் முகத்தை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கும், சுண்டுவிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். அது யார் கை என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் ஒன்றை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, "அண்ணாகிட்ட குடு" என்று என்னிடம் நீட்டினார் சித்தப்பா. அப்பா வாங்கி சாமி படத்தின் முன்னால் வைத்தார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு அந்த மூன்று நாளில் வேண்டியிருந்தது அண்ணன் வருவது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைத் தொடக்க விழாவில் கொச்சியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டு பேசினார்கள். அவர்கள் தோளுக்கு மேலே வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அவருடைய பேச்சு. எழுதி வைத்திருந்ததைக் கடகடவென்று வாசித்து முடித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணா வருவாரா, ஏதாவது பறஞ்சாரா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிதான் மேடத்தின் செல்லப்பிள்ளை. கிழக்கேகோட்டையிலிருந்து வாடகைக்கு எடுத்த பஸ் ஒன்றில் பார்வையாளர்களோடு ஓவியரும் ஏறி, கம்பி பிடித்துக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் வரைந்தபடியே கலைக்கூடத்துக்கு வந்து சேர வேண்டும். சித்தப்பா அங்கே போயிருப்பார் என்று நினைத்து நான் காலையில் வந்து கதவைத் திறந்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் அப்பா. கோவிலிலிருந்து நேரே வந்திருக்கிறார், நெற்றியில் சந்தனம் காயவில்லை. கலைக்கூடத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அப்பா கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்.

மற்றப் படங்களை நடந்துகொண்டே பார்த்தார். பெரிய படத்துக்கு முன்னால் நின்றார். அதை மாட்டுவதற்காகவே நடு அறையின் குறுக்கே ஒரு பலகைச் சுவர் எழுப்பியிருந்தோம். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நான் துடைப்பத்தைக் கீழே வைக்கவும் கூச்சப்பட்டு நின்றேன். வெளியே ஆட்டோக்கள் போயின, பக்கத்து வீட்டில் குக்கர் கத்தி ஓய்ந்தது, அப்பா நகரவில்லை. கடைசியில் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "கிளம்பறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பலகைக்குப் பின்னாலிருந்து சித்தப்பா வந்தார். மரப்பெட்டிகளுக்கு நடுவே அத்தனை நேரமும் நின்றிருக்கிறார், சட்டையெல்லாம் தூசி. முந்தின நாள் பேச்சுக்காகக் கழற்றின அட்டையை மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்தவர், அண்ணன் வருவதைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்து அங்கே ஒதுங்கியிருக்கிறார். "நான் முன்னாடி நின்னா அவருக்குச் சங்கடமா இருக்கும், கேட்டியா? நிம்மதியாப் பார்க்கட்டும்னுதான்." கைப்பேசியில் மேடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஓவியர் எவிடே, பஸ் புறப்படணும் என்று ஒரே சத்தம். சித்தப்பாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "எப்படி நின்னார்? நின்னு காட்டு" என்றார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன்னால் நின்று காட்டினேன். "இவ்வளவு கிட்டக்கயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பஸ் அன்றைக்கு ஓவியர் இல்லாமலேதான் வந்து சேர்ந்தது. மேடம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு சித்தப்பா இருந்த வரைக்கும் அந்தக் காலைதான் பேச்சு. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வருவார், காபி குடிப்பார், அப்பா உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "எத்தனை நேரம் நின்னார், ஓர்மை இருக்கோ? என் படத்தை இந்த ஊர்ல யாரும் அத்தனை நேரம் பார்த்ததில்லை" என்பார். அப்பாவோடு மட்டும் பழையபடி என் வழியாகத் தண்ணீர், பால், கரண்ட் பில். போன ஆடியில் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். எதிர்ச்சாரியில் பூட்டின கதவைப் பார்க்கும்போதெல்லாம், அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்கமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. எரிச்சலே படாமல் பதில் சொல்வேன்.

இந்த வருஷக் கலை வார இறுதிக்கு மேடம் அவருடைய படங்களை மறுபடி மாட்டச் சொன்னார். போன வாரம் அப்பாவிடம், "உங்களைக் கார்ல கூட்டிண்டு போறேன், வாங்கோ" என்றேன். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்கே போய் என்ன பண்ணப்போறேன்" என்றார். அவர் அன்றைக்கு வந்து நின்றதில் சித்தப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவருக்குத் தெரியட்டுமே என்று, பலகைக்குப் பின்னால் சித்தப்பா இருந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருந்தான்னு எனக்குத் தெரியும்டி. உள்ளே ஒரு தரம் இருமினான். அவன் இருமல் எனக்குத் தெரியாதா? நேரே நாலு வார்த்தை பேசணும்னுதான் போனேன். படத்தைப் பார்க்கிற மாதிரி நின்னுண்டிருந்தேன், வெளியே வருவான்னு. நானும் செருமிப் பார்த்தேன். வரலை."

கொஞ்ச நேரம் எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "படம் நன்னாத்தான் இருந்ததுன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்றேம்பா" என்றேன்.